பன்னிரண்டாவது புளியங்கொட்டை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது, மழைக்காலத்தில் வேலை இருக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் விளையாட்டுதானே? ஒரு பனங்காட்டின் ஓரத்தில், பாறை ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆமையும் காட்டுப்பன்றியும் மரநாயும் ஒதுங்கி உட்கார்ந்து கதையாட்டம் ஆடின.

ஆட்டம் இதுதான். ஆமை கதை சொல்லும். கதைக்குள்ளே பன்றிக்கு ஒரு வீரன், மரநாய்க்கு ஒரு திருடன். வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய் என்று ஆமை கேட்கும். வெட்டுகிறேன் என்றால் புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். ஒரு பக்கத்தைப் பாறையில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ, அடி வாங்குகிறவனின் உயிரில் அத்தனை குறையும். உயிர் பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி. பிறகு அழுதாலும் வர மாட்டான்.

வாளுக்கு இத்தனை கொட்டை, அம்புக்கு இத்தனை, பாம்புக்கடிக்கு இத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. மேலேயிருந்து ஏதாவது தலையில் விழுந்தால் என்ன கணக்கு என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அங்கே ஆமையின் வாய் வைத்ததுதான் சட்டம். சட்டம் ஒருவர் வாயில் இருந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. மரநாயின் திருடன் மேல் ஒரு பூசணிக்காய் விழுந்தது. செத்தான் என்றது ஆமை. மறுநாளே ஆமைக்குச் செல்லமான தளபதி ஒருவன் மேல் கல்தூண் சாய்ந்தது. தலையைத் தடவிக்கொண்டு நடந்தான் என்றது. மரநாய் இதை மறக்கவில்லை.

பன்றியின் வீரன் பெயர் வாகைமாறன். காட்டில் பன்றி வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். கதைக்குள்ளே வாகைமாறன் வந்தால் பூ தூவுவார்கள். மூன்று மாதம் அடி வாங்கி, பட்டினி கிடந்து, படிப்படியாக வளர்த்த ஆள். பன்றிக்கு அவன் மேல் அத்தனை பாசம்.

அன்று காலை வாகைமாறன் ஒன்பது உயிரோடு பூதத்தின் கோட்டை வாசலில் நின்றான். மதில்மேல் இருந்த காவலர்கள் ஓர் ஆட்டுக்கல்லை உருட்டித் தள்ளினார்கள்.

"செத்தான்," என்றது ஆமை, ஓர் இலையை மென்றபடி.

பன்றிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கொட்டை கூட உருட்டாமல் ஓர் ஆளைச் சாகடிக்கலாமா என்று கேட்டது. ஆட்டுக்கல் விழுந்தால் சாகாமல் சிரிப்பானா என்று ஆமை கேட்டது.

"போன வாரம் உங்க தளபதி மேல தூணே விழுந்துச்சு. தலையத் தடவிக்கிட்டுப் போயிட்டான்னீங்க. என் ஆளு மட்டும் சாகணுமா?"

"மேலேருந்து விழுறதப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்? என் ஓட்டு மேல விழாத சாமானா?"

இந்த இடத்தில் ஆமை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. கோட்டை மதில் எவ்வளவு உயரம் என்று மரநாய் மெதுவாகக் கேட்டது. அதோ அந்தப் பனைமரம் அளவு, ஆறு யானையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வருகிற உயரம் என்று ஆமை பெருமையாகச் சொன்னது. அப்படியானால் உங்கள் ஓட்டின் மேலேயே எதையாவது விழவைத்துப் பார்த்துவிடலாமே என்றது மரநாய். பெருமை பேசியவர் பின்வாங்க முடியுமா? ஆமை நகர்ந்து நகர்ந்து போய்ப் பனையடியில் உட்கார்ந்தது.

மரநாய் வாயில் ஒரு விளாம்பழத்தைக் கவ்விக்கொண்டு மரம் ஏறியது. ஒரு யானை உயரத்திலிருந்து போட்டது. கொசு கடித்த மாதிரி இருக்கிறது என்றது ஆமை. இரண்டு யானை உயரத்திலிருந்து போட்டது. ஆமை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அதே உயரத்திலிருந்து இன்னொரு தடவை போட்டபோது பழம் ஓரத்தில் பட்டு வழுக்கிப் போய்விட்டது, வலியே இல்லை. அப்போ உயரம் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும் என்று பன்றி ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டது.

அதற்குள் மரநாய் உச்சிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பனம்பழம் நன்றாகக் கனிந்து காத்திருந்தது. பூசணிக்காயை நினைத்துக்கொண்டு மரநாய் காம்பைக் கடித்தது.

தொம் என்ற சத்தத்தில் நாரைகள் பறந்தன. ஆமையின் ஓடு நடுவிலிருந்து ஓரம் வரை கட்டம் கட்டமாக விரிசல் கண்டது. பன்றி பதறிப்போய் ஓடி, ஓட்டுக்குள்ளே குனிந்து பார்த்தது.

"செத்துட்டீங்களா?"

உள்ளேயிருந்து வெகுநேரம் கழித்து, "இல்ல," என்று குரல் வந்தது.

"அப்ப வாகைமாறனும் சாகணும்னு இல்ல."

ஆமை என்ன செய்யும்? தலையை வெளியே நீட்டாமலே புதுச் சட்டத்தைச் சொன்னது. விழுகிற பொருளுக்கு ஒரு யானை உயரத்துக்கு ஒரு கொட்டை. கனத்த பொருளாக இருந்தால் இரட்டிப்பு. மீதியைக் கொட்டை பார்த்துக்கொள்ளும், இனிமேல் தன்னை யாரும் கேட்க வேண்டாம். மதில் ஆறு யானை, ஆட்டுக்கல் கனம். ஆக மொத்தம் பன்னிரண்டு.

மரநாய் மரத்தைவிட்டு இறங்கியதும், பன்றி பன்னிரண்டு கொட்டையையும் பாறைமேல் உருட்டியது. பதினொன்று அடங்கின. எண்ணினார்கள். எட்டு வெள்ளை. பன்னிரண்டாவது மட்டும் விளிம்பில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. அது கறுப்பாக விழுந்தால் ஓர் உயிர் மிச்சம். வெள்ளையாக விழுந்தால் ஒன்பதும் போச்சு. பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பன்றியால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்? புஸ்ஸென்று விட்டது. கொட்டை பறந்துபோய் மழைச்சேற்றில் விழுந்து முங்கிவிட்டது.

மூன்று பேரும் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரி, வேறொரு கொட்டையை உருட்டேன் என்று ஆமை இறங்கி வந்தது. பன்றி சம்மதிக்கவில்லை.

"அந்தக் கொட்டைதான் கணக்கு. அது கிடைக்கிற வரைக்கும் அவன் செத்தான்னு யாரும் சொல்லக் கூடாது."

ஆட்டம் அங்கேயே நின்றுபோனது. வாகைமாறன் கோட்டை வாசலில் நிமிர்ந்து பார்த்தபடியே நிற்கிறான். ஆட்டுக்கல் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இன்னும் அந்தரத்தில் நிற்கிறது.

மனிதர்கள் பிற்பாடு இந்த ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மேசைக்கு ஏற்றினார்கள். கதையில் யார் தலையில் எது விழுந்தாலும், எவ்வளவு உயரம், எவ்வளவு கனம் என்று கேட்டுவிட்டு, அதற்குத் தக்கபடி பகடைகளை எண்ணி உருட்டுகிறார்கள். ஆமையோ, மேலே ஓர் ஓலை அசைந்தாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டில் அந்தக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

அன்று முதல்தான் பன்றி போகிற இடமெல்லாம் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போகிறது. கிழங்கு தேடுகிறது என்கிறோம். கிடைத்தால் தின்றும்விடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தின்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறது.