ஈயத்தின் கழுத்தில் ஒரு முடிச்சு

ஒகேனக்கல் பாறைகளோடு மல்லுக்கட்டி முடித்த காவிரி, மேட்டூர்ப் பக்கம் அகலமாகிச் சாவகாசமாக நடக்கத் தொடங்கும் ஒரு கரையில், முன்னொரு சமயம் தூண்டில் முள்ளின்மேல் வார்த்த ஓர் ஈயத்தலை இருந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆனால் அது தன்னைப்பற்றி வைத்திருந்த எண்ணத்தை ஏற்ற ஒரு பரிசல் போதாது.

பரிசல்காரர் தீர்த்தகிரியின் மனைவி மாதம்மாள்தான் அதைச் செய்தவள். செங்கல்லில் குழி செதுக்கி, தூண்டில் முள்ளின் கழுத்தை அதில் வைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றினாள். ஆறியதும் பின்பக்கம் வெள்ளைச் சேவல் இறகைக் கட்டினாள். மடுவின் அடியில் இந்த ஈயம் தத்தித் தத்திப் போனால் இறகு குஞ்சுமீன் மாதிரி துடிக்கும், தரையோடு ஒட்டிக் கிடக்கும் வாளை மீன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது என்பது அவள் கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. வாளைதான் வரவில்லை. பல நாட்களாக இறகு நனைந்ததுதான் மிச்சம்.

தீர்த்தகிரி வீச்சுவலைக்காரர். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை கிடையாது.

“வாளை நாத்தம் புடிச்ச எரைக்குத்தான் வாயத் தொறக்கும், மாதம்மா. கோழி எறகப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிடும். என் வலையில பாதி ஈயமணி ஆத்தோட போச்சு. இன்னைக்கும் ஒண்ணும் வரலைன்னா, கெடக்கற துண்டு துணுக்கோட இதையும் போட்டு உருக்கி வலைக்கு மணி ஊத்திடுவேன்.”

“ஊத்திக்கங்க. வந்துச்சுன்னா?”

“வந்தா நானே கொழம்பு வைக்கறேன்.”

“மொளகாயும் நீங்கதான் அரைக்கணும், ஆமா” என்றாள் மாதம்மாள்.

அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. கரையில் கல் கூட்டி, தேங்காய் மட்டையில் கங்கு மூட்டி, பக்கத்தில் ஈயம் உருக்கும் இரும்புக் கரண்டியையும் கொண்டுவந்து வைத்தார். கரண்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“பொழுது சாயட்டும், உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றது ஈயத்திடம்.

“பாரேன். வாளையின் வாயில் நான் தொங்கிக்கொண்டு வருவேன். கண் குளிரப் பார்” என்றது ஈயம்.

மாதம்மாள் நைலான் நரம்பை எடுத்து ஈயத்தின் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். எச்சில் தொட்டு முடிச்சை ஈரமாக்கி, பல்லால் கடித்து இழுத்தாள். ஈயம் துள்ளியது.

“ஏ நரம்பே, கழுத்தை ஏன் இப்படி நெரிக்கிறாய்? தளர்த்து!”

நரம்பு பேச்சுக் குறைந்த சுபாவம். “தளர்த்தினால் நீ போய்விடுவாயே” என்று மட்டும் சொன்னது.

“போனால் என்ன? என் தொழில் என்ன, சொல். விழுவது. பஞ்சு விழுமா? சருகு விழுமா? விழுவதற்கென்றே பிறந்தவன் நான். வாளை வருவதும் நான் விழும்போதுதான். அந்த நேரத்தில் நீ என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் எனக்கு என்ன மரியாதை? தூக்க வேண்டியபோது தூக்கு. விழும்போது விட்டுவிடு. அப்புறம் நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

நரம்புக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும் வாதாடவில்லை. “உன் இஷ்டம்” என்றது.

இவர்கள் உலகத்தில் பேச்சு கீழிருந்து மேலே போகும். ஈயம் நரம்பிடம் சொல்லும், நரம்பு மூங்கில் தூண்டில்தடியிடம் சொல்லும், மூங்கில் மாதம்மாளின் மணிக்கட்டிடம் சொல்லும். மணிக்கட்டு எல்லாவற்றையும் தனக்கே தோன்றிய யோசனையாக எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டுகள் எங்கேயும் அப்படித்தான்.

பரிசல் மடுவுக்கு வந்தது. வட்டமாகப் பிறந்த எதற்கும் சுற்றுகிற ஆசை உண்டு, பரிசலுக்கும் உண்டு. தீர்த்தகிரி துடுப்பை ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து அதை அடக்கினார். தண்ணீர் போகிற வேகத்திலேயே பரிசலும் போனது. அதனால் நரம்பு சாயாமல், கிணற்றுக் கயிறு மாதிரி நேராக இறங்கி நின்றது.

ஈயம் விழுந்தது. அடடா, என்ன விழுதல்! கலங்கிய மேல்தண்ணீரைத் தாண்டி, குளிர்ந்த அடித்தண்ணீரைத் தாண்டி, டொக்கென்று பாறையைத் தொட்டது. மூங்கில் ஒரு சாண் தூக்கியது. ஈயம் எழும்பியது. உடனே மூங்கில் தலையைச் சடக்கென்று தாழ்த்திவிட்டது. நரம்பு சுருள் சுருளாகத் தளர்ந்தது. ஈயம் தன்னந்தனியாக, தன் விருப்பப்படி விழுந்தது. இறகு துடித்தது.

பாறை இடுக்கில் ஒரு வாளை கிடந்தது. நீளமான உடம்பு, அகன்ற வாய், வாய் நிறைய அரம் போன்ற பல். ஈயம் விழுகிற அந்தக் கணத்தில் அது வந்தது. வாயைத் திறந்து லபக்கென்று உள்ளே இழுத்தது.

“பிடித்துவிட்டது! இழு!” என்று கத்தியது ஈயம்.

யாரும் இழுக்கவில்லை. வாளை ஒரு தரம் மென்று பார்த்தது. கடினமாக இருந்தது. தூவென்று துப்பிவிட்டுப் பாறைக்குத் திரும்பியது.

மேலே மாதம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். “ஒண்ணுமே தொடலீங்க.”

ஈயம் கொதித்தது. அடுத்த தூக்கலில் நரம்பைப் பிடித்துக்கொண்டது. “என்ன தூங்குகிறாயா? வாளையின் வாய்க்குள்ளேயே இருந்தேன்! பல்லை எண்ணியிருப்பேன்!”

“அப்படியா?” என்றது நரம்பு. உண்மையாகவே அதற்குத் தெரியாது. “நீதான் விடச் சொன்னாய். தளர்ந்து கிடக்கும்போது நான் செவிடு. உனக்கு என்ன நடந்தாலும் எனக்குக் கேட்காது.”

“சாக்குச் சொல்லாதே” என்றது ஈயம். தப்பு தன் பக்கம் இருக்கும் என்று அது நினைக்கவே இல்லை. வழக்கம்போலவே விழுந்தது, தனியாகவே விழுந்தது. வாளை மறுபடி வந்தது, வாயில் போட்டது, துப்பியது. துப்பியதோடு போகாமல், தலையைச் சாய்த்து ஈயத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தது.

“ஏனப்பா, இவ்வளவு தூரம் இறங்கி வருகிறாயே, உனக்கு மேலே ஆள் யாரும் இல்லையா?” என்று கேட்டது.

கேலியாகக்கூட அது கேட்கவில்லை. பாவம் என்ற தொனியில் கேட்டது. ஈயத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. தண்ணீர் செம்பு நிறமானது. தீர்த்தகிரி துடுப்பை மாற்றிப் பிடித்தார்.

“போதும், மாதம்மா. கரைக்குத் திருப்பறேன்.”

“இந்த மடு முடியற வரைக்கும் ஓட்டுங்க. அப்பறம் உங்க ஈயம், உங்க அடுப்பு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஈயம் தண்ணீருக்கு மேலே சொட்டிக்கொண்டு தொங்கியது. அங்கிருந்து கரை தெரிந்தது. கங்கின் புகை தெரிந்தது. புகைக்குப் பக்கத்தில் அந்தப் பிளந்த வாயும் தெரிந்தது.

அப்போதுதான் அதற்குப் பயம் வந்தது. உருகுவது அதற்குப் புதிதல்ல, உருகித்தான் பிறந்தது. ஆனால் முள் போய், இறகு போய், வலையின் விளிம்பில் நூறு மணிகளில் ஒரு மணியாகச் சேற்றில் இழுபட்டு வாழ வேண்டும் என்று நினைத்தபோது அதன் குரல் இறங்கிவிட்டது.

“நரம்பே.”

“சொல்.”

“இந்தத் தடவை கூட வா.”

“தூக்கிப் பிடிக்கச் சொல்கிறாயா?”

“இல்லை. தூக்கினால் வாளை வராது. நான் விழத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் விழும்போது விட்டுவிடாதே. இழுத்தும் நிறுத்தாதே. நான் இறங்குகிற வேகத்திலேயே நீயும் இறங்கு.”

“தூக்குவது சுலபம். விடுவது அதைவிடச் சுலபம். நீ கேட்பது இரண்டும் இல்லையே” என்றது நரம்பு.

“தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.”

நரம்பு மூங்கிலிடம் சொன்னது. மூங்கிலுக்குப் பிடிக்கவில்லை. “விசுக்கென்று நிமிர்ந்தால் பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். மெல்ல மெல்லக் குனிவதை யார் மெச்சுவார்கள்?” என்று முனகியது. முனகினாலும் மணிக்கட்டிடம் சேர்த்துவிட்டது. மாதம்மாளுக்கு, தடியை இனி மெதுவாகத் தாழ்த்தினால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது.

ஈயம் இறங்கியது. டொக். ஒரு சாண் எழும்பியது. பிறகு விழுந்தது. இந்த முறை கழுத்தில் முடிச்சு லேசாக உறுத்திக்கொண்டே வந்தது. இழுக்கவில்லை, தடுக்கவில்லை. இருக்கிறேன் என்று மட்டும் சொன்னது. டொக். மறுபடி எழும்பியது. மறுபடி இருவரும் இறங்கினார்கள். ஈயத்துக்கே ஆச்சரியம், அதன் விழுதல் கொஞ்சமும் குறையவில்லை. இறகு முன்னைவிட அழகாகத்தான் அலைந்தது.

மூன்றாவது டொக் வரவில்லை.

வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. நரம்பு திடுக்கிட்டது. இவ்வளவு நேரம் சுமந்துவந்த அந்தச் சின்னப் பாரத்தை அதற்குத் திடீரென்று காணோம்.

“ஈயத்தைக் காணோம்!” என்று அலறியது நரம்பு. அந்த அலறல் முடிவதற்குள் மூங்கில் நிமிர்ந்தது. மணிக்கட்டு நிமிர்ந்தது. மாதம்மாளே எழுந்து நின்றுவிட்டாள்.

“ஏங்க! புடிச்சிருச்சுங்க!”

“ஒக்காரு, ஒக்காரு! கவுத்துடாத! நரம்ப விட்டுடாத, அப்பிடியே புடி!” என்றார் தீர்த்தகிரி. வலைக்காரர் என்பதை அவர் மறந்துபோனார்.

முள் ஆழமாகத் தைத்திருந்தது. வாளை மடுவின் குறுக்கே பாய்ந்தது. பரிசல் தன் ஆசை தீரச் சுற்றியது. அரம் போன்ற பற்கள் நரம்பை ராவின. நார் நாராக உரிந்தது, ஆனால் நரம்பு பிடியை விடவில்லை. கடைசியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சாண் அகலத் தலை மேலே வந்தது. மாதம்மாளைப் பார்த்தது, தீர்த்தகிரியைப் பார்த்தது.

“மேலே ஆள் இருக்கிறதே!” என்றது வாளை.

“இருக்கிறது” என்றது ஈயம், அதன் வாய்க்குள்ளிருந்து.

கரையில் கங்கை ஊதிப் பெரிதாக்கி, அதன்மேல் மண்சட்டியை ஏற்றினார்கள். தீர்த்தகிரி அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய மிளகாய் அரைத்தார். இரும்புக் கரண்டியை யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடத் தெரியாமல் அது அங்கேயே கிடந்தது.

“நாளைக்கு எனக்கும் ஒண்ணு ஊத்திக் குடு, மாதம்மா” என்றார் அவர், தலை நிமிராமல்.

“மொதல்ல மொளகாய நல்லா நைசா அரைங்க” என்றாள் அவள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சிரித்துக்கொண்டே நரம்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஈயத்தின் கழுத்திலிருந்து ஒரு முழத்துக்கு அது பாழாகிப் போயிருந்தது. கத்தியை எடுத்து அந்த ஒரு முழத்தையும் அறுத்து எறிந்தாள். ஈயம் அவள் உள்ளங்கையில் உருண்டது.

கழுத்தில் ஒன்றும் இல்லை. நெரிப்பு இல்லை, உறுத்தல் இல்லை. காலையில் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஈயம் மிச்ச நரம்பு எங்கே என்று தேடியது.

நரம்பு அங்கேதான் இருந்தது, ஒரு முழம் குறைந்து. மாதம்மாள் அதை ஈயத்தின் கழுத்தில் கோத்து, முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு, பல்லால் கடித்து இழுத்தாள்.

“கழுத்தை நெரிக்கிறதா?” என்று கேட்டது நரம்பு.

“இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்றது ஈயம்.