உச்சிவெயிலில் ஒரு மல்லுக்கட்டு

ஆலங்காட்டு ஏரிக்கரையில் கருவால் என்று ஓர் உடும்பு இருந்தது. அந்தக் காட்டுக்கே அதுதான் மல்யுத்தச் சாம்பியன்.

உடும்புகள் மல்லுக்கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய காட்சி! இரண்டும் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். முன்னங்கால்களால் ஒன்றையொன்று தோளோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெகுநாள் பிரிந்த சிநேகிதர்கள் என்றே நினைப்பீர்கள். கிட்டே போனால்தான் உறுமல் கேட்கும். யாருடைய முதுகு மண்ணில் படுகிறதோ, அதற்குத் தோல்வி.

ஜெயித்த உடும்புக்குப் பரிசு, மேற்குக் கரையில் இருந்த பெரிய பாறை. சூரியன் கிளம்பியதும் முதல் வெயில் அந்தப் பாறை மேல்தான் விழும். அடுத்த போட்டி வரைக்கும் அதில் படுத்து வெயில் காயலாம். தோற்ற உடும்பு கிழக்குக் கரையில் குன்றின் அடிவாரத்துப் புளியந்தோப்புக்குப் போக வேண்டும். அங்கே நிழலுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தத் தோப்பில் இருந்தது வளைநகம். கருவாலோடு மோதித் தோற்பதே அதற்கு வழக்கமாகப் போய்விட்டது. எத்தனை தடவை தோற்றது என்று எண்ணுவதைக்கூடக் காட்டில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு மட்டும் தவறாமல் வரும்.

"வால்ல முள்ளு குத்திடுச்சு!" என்றது ஒரு தடவை.

"காத்து என் பக்கமா அடிச்சுது, கண்ணெல்லாம் மண்ணு!" என்றது அடுத்த தடவை.

"முந்தின நாள் ஈசல் கொஞ்சம் அதிகமாத் தின்னுட்டேன்" என்றது இன்னொரு தடவை.

இந்த வருஷமும் வழக்கம்போல் வந்து நின்றது.

"கருவாலண்ணே! இன்னொரு தடவை மோதணும். மறுபோட்டி குடுங்க!"

பாறையைச் சுற்றி நின்ற முயல்களும் அணில்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆள்காட்டிக் குருவி முன்னால் வந்தது. காட்டில் எது நடந்தாலும் முதலில் கத்துவது அதுதான். போட்டிகளை ஒன்றுவிடாமல் வர்ணிப்பதும் அதுதான்.

"போன தடவை ஏன் தோத்தே? அதை முதல்ல சொல்லு!"

வளைநகம் தலையைக் குனிந்துகொண்டது. "எனக்கு வெயில் பத்தலை" என்று முணுமுணுத்தது.

அவ்வளவுதான்! முயல்கள் உருண்டு புரண்டு சிரித்தன. ஓர் அணில் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழுந்தே விட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று ஆள்காட்டி கத்தியது. "இப்ப சூரியன் மேலேயே பழி போட்டாச்சு!"

கருவாலும் சிரித்தது. அந்தக் காட்டு வழக்கப்படி மறுபோட்டி கேட்கத்தான் தோற்றவருக்கு உரிமை. சரி என்பதும் முடியாது என்பதும் ஜெயித்தவர் இஷ்டம்.

"யோசிச்சுச் சொல்றேன், போ" என்றது கருவால்.

வளைநகம் திரும்பி நடந்தது. அதன் நடையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கருவாலின் பெண்டாட்டி மினுக்கி, பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது.

"என்னத்தை யோசிக்கப் போறீங்க? முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே!"

"அது பாவம்டி. வருஷா வருஷம் வந்து கேக்குது."

"கேக்குறவங்களுக்கெல்லாம் குடுக்கணும்னா நம்ம பாறை என்ன சத்திரமா? அவனை ஜெயிச்சா, 'தோத்தவனைத்தானே ஜெயிச்சே'ம்பாங்க. ஏதோ கால் வழுக்கித் தோத்தீங்கன்னு வைங்க, இந்த வெயில் போச்சு, பேர் போச்சு! உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

மினுக்கி சொன்னதில் தப்பில்லை. பாறையில் படுத்துக்கொண்டு யோசித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆள்காட்டி பறந்து வந்து காதோரம் உட்கார்ந்தது. "ஒத்துக்கங்கண்ணே! போட்டியே இல்லாம காடு தூங்கி வழியுது. எனக்கும் தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு!"

"உனக்குத் தொண்டை பெருசு, எனக்குப் பாறை பெருசு" என்று கருவால் அதைத் துரத்திவிட்டது. முடியாது என்று சொல்லிவிடத் தீர்மானமும் செய்துவிட்டது.

ஆனாலும் சாம்பியன் இல்லையா? நேரிலே போய், நாலு நல்ல வார்த்தையோடு சொன்னால்தான் கௌரவம் என்று நினைத்தது. மாலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏரியைச் சுற்றிப் புளியந்தோப்புக்கு நடந்தது.

தோப்புக்குள் கால் வைத்ததுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது! திரும்பிப் போகிற பாதையெல்லாம் வெள்ளம்.

"உள்ள வாங்கண்ணே! ஏன் நனையறீங்க?" என்று வளைநகம் தன் மரப்பொந்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. மறுபோட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒண்ட வந்த இடத்தில் முடியாது என்று சொல்வது எப்படி? கருவாலும் வாயைத் திறக்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று சுருண்டு படுத்துவிட்டது.

விடிந்தது. மழை விட்டிருந்தது. கருவால் வழக்கமான நேரத்துக்குக் கண்ணை விழித்தது. எழுந்திருக்கப் பார்த்தது.

முடியவில்லை!

முன்கால் கட்டை மாதிரிக் கிடந்தது. பின்கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாலை அசைக்கப் பார்த்தது. வாலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த வண்டு மெதுவாக நடந்து வந்தது. கருவாலின் மூக்கு மேல் ஏறியது. அங்கே நின்று மீசையை நீவிக்கொண்டது. பிறகு ஆற அமர இறங்கிப் போனது. சாம்பியனால் நாக்கைக்கூட நீட்ட முடியவில்லை.

தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பார்கள். இங்கே பூனையாகக்கூட இருக்க முடியவில்லை!

"வளைநகம்! டேய்! எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா! கை கால் வரலை!" என்று கருவால் அலறியது.

பக்கத்திலேயே விறைத்துப்போய்க் கிடந்த வளைநகம் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"ஒண்ணும் ஆகலைண்ணே. இந்தத் தோப்புல எல்லாக் காலையும் இப்படித்தான். குன்றைத் தாண்டி வெயில் ஏறி வரணும். அதுவரைக்கும் கிடக்க வேண்டியதுதான்."

கருவால் எதிர்க்கரையைப் பார்த்தது. அங்கே அதன் பாறை தங்கம் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. மினுக்கி அதன்மேல் சொகுசாகப் புரண்டு படுப்பதுகூடத் தெரிந்தது.

"போட்டி அன்னிக்கு இப்படியேவா கிளம்பி வருவே?" என்று கருவால் மெதுவாகக் கேட்டது.

"வேற வழி? சவால் விட்டவன் அன்னிக்குக் காலையிலதான் தன் பொந்தை விட்டுக் கிளம்பணும். பாறையில வெயில் ஏறினதும் சண்டை. அதானே வழக்கம்? இழுத்துக்கிட்டு, உருண்டுக்கிட்டு வந்து சேருவேன். நீங்க பாறையில நல்லாக் காஞ்சுட்டு இறங்கி வருவீங்க."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"அப்ப எனக்கே தெரியலைண்ணே. என் பிடியிலதான் கோளாறுன்னு நினைச்சேன். வெட்கத்துக்கு முள்ளு, காத்து, ஈசல்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அத்தனையும் பொய். இந்த வெயில் சமாச்சாரம் மட்டும்தான் நிஜம். அதைச் சொல்றப்போ நம்புறதுக்கு ஆள் மிச்சமில்லை."

கருவாலுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மூக்கு மேல் வண்டு நடந்ததுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமும் ஜெயித்தது தானா, தன் பாறையா? இந்தச் சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டது. அது வண்டைவிட மோசமாக ஊர்ந்தது.

வெயில் ஏறியதும் இரண்டும் எழுந்து நின்றன. வளைநகம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "அண்ணே, நேத்து என்ன சொல்ல வந்தீங்க?"

முடியாது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இந்த உண்மை அவை இரண்டையும் தவிர யாருக்கும் தெரியாது. வளைநகம் தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் நம்பப்போவதில்லை.

"மோதலாம்னு சொல்ல வந்தேன்" என்றது கருவால். "ஆனா காலையில இல்லை. உச்சிவெயில்ல. ரெண்டு கரையும் ஒரே மாதிரி காயற நேரத்துல!"

செய்தி கேட்டு மினுக்கி தலையில் அடித்துக்கொண்டது. "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம்! உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"இத்தனை வருஷமா சாம்பியன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நான் பலசாலியா இல்லையான்னு எனக்கே தெரியலைடி!" என்றது கருவால்.

போட்டிக்கு நடுவர் ஆமை. அது கழுத்தை நீட்டி ஆட்சேபம் தெரிவித்தது. "காலையில மோதறதுதான் வழக்கம். அதை மாத்தப்படாது."

"அந்த வழக்கத்தை யார் வச்சது?"

ஆமை வெகுநேரம் யோசித்தது. "அப்போ பாறையில இருந்தவங்க."

"இப்போ பாறையில இருக்கறது நான். மாத்திட்டேன்!"

போட்டி நாள் வந்தது. சூரியன் தலைக்கு நேரே நின்றான். மணல் கொதித்தது. முயல்கள் கால் சுட்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தன.

"டிட்டிட்டீ! எழுந்துட்டாங்க! பிடிச்சுட்டாங்க!" என்று ஆள்காட்டி ஆரம்பித்தது. "இதோ, இப்ப வளைநகம் விழப்போகுது... விழப்போகுது... விழலையே!"

இரண்டும் தோளோடு தோள் இறுக்கிக்கொண்டு நின்றன. உடும்புப் பிடி என்று மனிதர்கள் சும்மாவா சொல்கிறார்கள்? கருவால் தள்ளினால் வளைநகம் ஓரடி பின்னால் போகும். வளைநகம் தள்ளினால் கருவால் ஓரடி போகும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிடியைக் கருவால் கண்டதே இல்லை. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது!

நிழல் நீள ஆரம்பித்தபோது வளைநகம் ஒரு திருப்புத் திருப்பியது. தொப்பென்று ஒரு சத்தம். கருவாலின் முதுகில் மணல் சுட்டது.

ஆள்காட்டிகூட வாயை மூடிக்கொண்டது. அது காட்டில் யாரும் காணாத அதிசயம். பிறகு மெல்லப் பறந்து வந்து கருவாலின் பக்கத்தில் இறங்கியது.

"அண்ணே... ஏன் தோத்தீங்க? கால் வழுக்கிடுச்சா? மணல் சூடா? சொல்லுங்க, நான் கத்தறேன்!"

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கருவால் புரண்டு எழுந்தது. முதுகு மணலைத் தட்டிவிட்டது.

"அது என்னைவிட நல்லா மோதிச்சு. அதான் தோத்தேன். போய்க் கத்து!"

அன்றைக்கே கருவாலும் மினுக்கியும் புளியந்தோப்புக்குக் குடிபோனார்கள். மினுக்கி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. முதல் வெயிலில் படுத்துப் பழகிய உடம்பு அல்லவா?

அடுத்த வருஷம் ஒரு விடியலில் கருவால் விறைத்த உடம்பை இழுத்துக்கொண்டு பாறையடிக்கு வந்து நின்றது.

"மறுபோட்டி வேணும், தம்பி."

வளைநகம் பாறை மேல் படுத்திருந்தது. முதல் வெயிலின் சுகம் இப்போது அதற்கும் தெரியும். அது கொஞ்ச நேரம் யோசித்தது. உண்மையைச் சொல்வதென்றால் நிறைய நேரமே யோசித்தது. பழைய வழக்கப்படி காலையிலேயே வா என்று சொல்ல அதன் நாக்கு துறுதுறுத்தது. ஆமைகூடச் சரி என்றுதான் சொல்லியிருக்கும்.

வளைநகம் எதிர்க்கரைப் புளியந்தோப்பைப் பார்த்தது. தோப்பு இன்னும் இருட்டாகத்தான் இருந்தது.

"சரிண்ணே" என்றது கடைசியில். "வெயில் ஏறட்டும். அதுவரைக்கும் மேல வந்து காஞ்சுக்கங்க."

அன்று உச்சிவெயிலில் இரண்டும் மோதின. பொழுது சாயும்வரை மோதின. கடைசியில் வளைநகத்தின் முதுகு மண்ணில் பட்டது. அதுவும் ஒரு சாக்கும் சொல்லவில்லை.

முயல்கள் கத்தின. அணில்கள் கத்தின. "பழைய சாம்பியன் திரும்ப வந்துட்டாரு!" என்று ஆள்காட்டி ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து தொண்டை கிழியக் கத்தியது.

அதற்குத் தெரியாது. கருவால் முதன்முதலாகச் சாம்பியன் ஆனது அன்றைக்குத்தான்.

எதிராளிக்கும் சமமான வெயில் கிடைக்கும் களத்தில் ஜெயித்தால்தான் அது ஜெயம். அப்படி ஜெயித்தவர் மறுபோட்டிக்கு ஒருநாளும் பயப்பட மாட்டார்.