கூட்டின் விலையும் சின்னராசுவின் காலும்

கோவையில் பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் ஜெகநாதனின் பட்டறையில், பாதி வேலை முடிந்த பழங்காலக் காரின் இரும்பு உடற்கூடு ஜாக்கியிலிருந்து சரிந்து, தகர வேலை செய்யும் சின்னராசுவின் காலை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டுப் போனாள் அவன் மனைவி பழனாத்தாள். ஜெகநாதன் கணக்கையே திருப்பிப் போட்டார்.

“எட்டு லட்சத்துக்குப் போக வேண்டிய கூடு. உம் புருசன் தள்ளி நெளிச்சுப் போட்டான். இனி அது இரும்புக் கடைக்குத்தான். எனக்கு வந்த நஷ்டத்தை யாரு கட்டறது?”

முதலாளிமார் நியாயம் என்றைக்கும் இதுதான். பழனாத்தாள் வீடு திரும்பினாள். அதே கூட்டை வாங்கக் கொச்சியிலிருந்து ஒருவர் வருவதாகக் கேள்விப்பட்டு, அவர் வந்த அன்று தள்ளுவண்டியோடு பட்டறைக்குள் நுழைந்தாள்.

“மொதலாளி, கீழ விழுந்து நெளிஞ்ச கூடு, இரும்புக் கடைக்குத்தான்னு சொன்னீங்களே. எடைக்கு நானே எடுத்துக்கறனுங்க.”

கொச்சிக்காரர் நிமிர்ந்தார். “இது விழுந்த வண்டியா?”

பட்டறையில் சுத்தியல்கள் நின்றன. ஜெகநாதன் கூட்டருகே ஓடினார்.

“விழுந்துச்சுதான். ஆனா ஒரு நெளிசல் இல்லீங்க! எட்டு லட்சம் தாராளமாப் போகும். தடவிப் பாருங்க.”

“அப்ப எங்களால உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லீங்களே?” என்றாள் பழனாத்தாள். “அவரு காலுக்கு உண்டானதைக் குடுத்துப் போடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

இத்தனை பேர் காதில் விழுந்த சொல்லை ஜெகநாதனால் விழுங்க முடியவில்லை. கொச்சிக்காரரிடம் வாங்கியிருந்த முன்பணத்திலிருந்தே நஷ்டஈட்டை எடுத்துக் கொடுத்தார்.

கொச்சிக்காரர் கூட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் கிடந்த மனிதன் எப்படி இருக்கிறான் என்று அவரும் கேட்கவில்லை.