நியாயாதிபதியின் தங்கை

நியாயாதிபதி அரியநாதர் அன்று மருதாயியின் மடத்துக்கு வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. மருதாயிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள்தான் குரு. மனத்தில் எது இருந்தாலும் அவளிடம் வந்து சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"அம்மா, அரசர் எங்கள் நகரத்துக்குப் பட்டயம் தரப்போகிறார்."

"எதற்காக?"

"பெண்கள் பயமில்லாமல் வாழும் நகரம் என்பதற்காக. அடித்தான், மிரட்டினான், கையைப் பிடித்து இழுத்தான் என்று மற்ற ஊர்களில் பெண்கள் கொண்டுவரும் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. எங்களிடம் வருவதே அபூர்வம். வந்த சில வழக்குகளும் தேங்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டன."

அம்மியில் பச்சிலை அரைத்துக்கொண்டிருந்த மருதாயியின் கை நின்றது.

"உள்ளே வாரும்" என்றாள்.

உள்ளே ஒரு பெண் பாயில் படுத்திருந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. கழுத்தில் விரல்கள் பதிந்த தடம். அரியநாதர் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரம்மா உன்னை இப்படி அடித்தது?"

"என் வீட்டுக்காரரு. சவுளிக்கடை சொக்கப்பன்."

சொக்கப்பன் அவருடைய நகரத்துக்காரன். கோயில் திருவிழாவில் மாலை மரியாதை பெறுகிறவன்.

"உன் பெயர்?"

"காத்தாயி."

"ஏனம்மா நீ என் நீதிமன்றத்துக்கு வரவில்லை?"

"வந்தேன்."

அரியநாதர் தலையை ஆட்டினார். "வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காதே."

மருதாயி சட்டென்று திரும்பினாள். "அவள் பொய் சொல்கிறாள் என்கிறீரா?"

"ஐயோ, இல்லை அம்மா. ஏதோ தவறு நடந்திருக்கும்."

"அப்படியானால் போய்ப் பாரும். பட்டு அங்கவஸ்திரத்தையும் கடுக்கனையும் இங்கே கழற்றி வையும். ஒரு சாதாரண வேட்டியைக் கட்டிக்கொண்டு, இவளுக்கு அண்ணனாகப் போம். நீர் யார் என்று அங்கே வாய் திறக்கக்கூடாது."

பிறகு அவள் காத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போக முடியுமா உன்னால்? முடியாது என்றால் வேண்டாம்."

காத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போறேம்மா."

மறுநாள் இருவரும் ஒரு மாட்டுவண்டியில் நகரத்துக்குப் போனார்கள். நீதிமன்ற வாசலில் காவலன் தடியை நீட்டி மறித்தான். பட்டும் கடுக்கனும் இல்லாத அரியநாதரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு நீங்க?"

"நான் இவளுடைய அண்ணன். இவள் முறையிட வந்திருக்கிறாள்."

"புருஷன் எங்கே?"

"புருஷன்தான் அடித்தான்."

"அப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க. ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு உள்ளே விட முடியாது."

"அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

காவலன் சிரித்தான். "சட்டமா? பெரிய ஐயா அரியநாதரோட உத்தரவுய்யா. வீட்டுச் சண்டையெல்லாம் உள்ளே வரக்கூடாது, வாசல்லயே பேசி அனுப்பிடணும்னு."

அரியநாதருக்கு நினைவு வந்தது. ஒரு மழைக்காலத்தில் வழக்குகள் மலைபோலக் குவிந்தபோது அப்படிச் சொன்னது அவர்தான்.

"போன வாரம் இதே பொம்பளை வந்துச்சு. அப்பவும் திருப்பித்தான் அனுப்பினேன்" என்றான் காவலன். "நல்ல குடும்பம். ஊர் சிரிக்கும்படி பண்ணாதேன்னு நீங்களாவது புத்தி சொல்லுங்க."

காத்தாயி நகரவில்லை. வெயிலில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே போகாமல் எழமாட்டேன் என்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவள் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன், "என்ன தப்புப் பண்ணினாளோ" என்று அவள் காதில் விழும்படியே சொன்னான். அரியநாதர் பற்களைக் கடித்துக்கொண்டார்.

காவலன் கடைசியில் சொக்கப்பனுக்கு ஆள் அனுப்பினான். சொக்கப்பன் வெற்றிலை மென்றுகொண்டே வந்தான். அவனுக்கு யாரும் தடியை நீட்டவில்லை. எழுத்தர் எழுந்து வணக்கம் சொல்லி உட்காரப் பலகை போட்டார். காத்தாயியை ஓரமாக நிற்கச் சொன்னார்.

உள்ளே நியாயாதிபதியின் இருக்கையில் பொன்னம்பலம் இருந்தார். அரியநாதர் இல்லாத நாளில் வழக்குக் கேட்பவர். அரியநாதரிடமே தொழில் பழகியவர். எண்ணெய் இல்லாத தலையோடு தூணோரம் நின்ற கிழவரை அவர் கவனிக்கவே இல்லை.

"என்னம்மா நடந்தது?"

"எங்கம்மாவைப் பார்க்கப் போகணும்னு கேட்டேங்க. அடிச்சாரு. கழுத்தைப் பிடிச்சு—"

"காரணம் இல்லாமல் யாராவது அடிப்பார்களா? வாய்க்கு வாய் பேசினாயா?"

"பேசலைங்க."

"பேசினாள்" என்றான் சொக்கப்பன்.

பொன்னம்பலம் புன்னகைத்தார். "பார், அடித்ததை அவரும் மறைக்கவில்லை. கோபத்தில் கை நீண்டுவிட்டது. இனி அடிக்கமாட்டீர்கள்தானே?"

"மாட்டேன்."

"அவ்வளவுதான். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பதைவிடப் பெரிய நீதி கிடையாது."

அது அரியநாதர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அவருடைய குரலின் இழுப்புகூட அப்படியே இருந்தது.

"ஐயா, எம் பொண்ணு—" என்று காத்தாயி தொடங்கினாள்.

"அதுதான் முடிந்துவிட்டதே அம்மா." பொன்னம்பலம் எழுத்தரைப் பார்த்தார். "தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளும்."

சொக்கப்பன் எழுந்து வந்து அவள் மேற்கையைப் பிடித்தான். பார்ப்பவர்களுக்கு அன்பாகப் பிடிப்பதுபோல இருந்தது. அவள் உதடு கோணியதை அரியநாதர் மட்டும் பார்த்தார்.

"கையை எடடா!" என்று கத்தினார்.

காவலன் ஓடிவந்து அவரைத் தள்ளினான். அவர் தரையில் விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

"கத்தாதே கிழவா! இது நீதிமன்றம்."

அரியநாதர் எழுந்து நின்றார். "ஆமாம், நீதிமன்றம். நான் அரியநாதன்!"

பெயரைக் கேட்ட பிறகுதான் எல்லாரும் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்கள். பொன்னம்பலம் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினார். காவலன் காலில் விழுந்தான். சொக்கப்பனின் கை தானாகவே கீழே இறங்கியது.

அழுக்கு வேட்டியோடு அரியநாதர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சொக்கப்பனைச் சிறைக்கு அனுப்பினார். காவலனை வேலையிலிருந்து நீக்கினார். பொன்னம்பலத்தைச் சபை நடுவே திட்டித் தீர்த்தார். எல்லாம் நொடியில் நடந்தது.

"ஐயா, எம் பொண்ணு—" என்றாள் காத்தாயி.

"பயப்படாதே அம்மா. எல்லாம் முடிந்துவிட்டது" என்றார் அவர்.

மடத்துக்குத் திரும்பியதும் வண்டியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி உள்ளே வந்தார்.

"அம்மா, நீங்கள் சொன்னது சரி. என் கண்ணாலேயே பார்த்தேன். கொதித்துப்போனேன். அவனைச் சிறையில் போட்டுவிட்டேன். நீதி கிடைத்துவிட்டது."

"யாருக்கு?"

"காத்தாயிக்கு."

காத்தாயி வண்டியைவிட்டு இறங்கவில்லை. மருதாயி வெளியே வந்து கேட்டாள். "கிடைத்ததா?"

காத்தாயி அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினாள்.

"எம் பொண்ணு மாமியா கையில இருக்கும்மா! அஞ்சு வயசுக் குழந்தை. அதைக் கேட்டு வாங்கத்தான் நான் போனேன். மகனைச் செறையில போட்டதுக்கு அந்தக் கெழவி அதை எங்கே கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்காளோ! அந்த ஐயாகிட்டயும் சொல்லப்போனேன், இவருகிட்டயும் சொல்லப்போனேன். ரெண்டு பேரும் முடிஞ்சதுன்னுட்டாங்க. எனக்கு என்ன வேணும்னு ஒரு ஆளு கேட்டீங்களா?"

அரியநாதரின் முகம் வெளுத்தது. "வண்டியில் வரும்போதாவது சொல்லியிருக்கலாமே அம்மா..."

"சொன்னேன். நீங்க தீர்ப்பைப் பத்தியே பேசிட்டு வந்தீங்க."

"போம்" என்றாள் மருதாயி. அவள் கண்கள் சிவந்திருந்தன. "இங்கே நின்று என் முகத்தைப் பார்க்காதீர். போம்!"

அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். இந்த முறை வழியெல்லாம் காத்தாயி பேசினாள், அவர் கேட்டார்.

மாமியார் வீடு பூட்டிக் கிடந்தது. ஊர் ஊராக விசாரித்து அலைந்தார்கள். கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில், தூரத்து உறவுக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் குழந்தை கிடைத்தது. காய்ச்சலாகக் கிடந்தது. தாயைப் பார்த்ததும் அது அழவில்லை, வீங்கியிருந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. குழந்தை தாயிடம்தான் இருக்கவேண்டும், அவள் தன் தாய்வீட்டில் இருக்கவேண்டும் என்று காத்தாயி கேட்டபடியே அரியநாதர் உத்தரவு எழுதினார். தாய்வீடு வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து அவர் மறுபடி மடத்துக்கு வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"அம்மா, பட்டயத்தோடு அரசரின் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் நகரத்தில் பெண்களுக்கு எந்த அளவுக்கு நீதி கிடைக்கிறது என்று என் வாயால் கேட்டுப் போகவேண்டுமாம். தீர்ந்த வழக்குகளைச் சொல்ல இனி எனக்கு வாய் வராது. காத்தாயிக்குப் பிள்ளை கிடைத்ததே, அதையாவது சொல்லலாமா?"

"அது காத்தாயிக்குக் கிடைத்ததில்லை" என்றாள் மருதாயி. அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. "அது நியாயாதிபதியின் தங்கைக்குக் கிடைத்தது."

அரியநாதர் தலை குனிந்தார்.

"பின் எதைத்தான் அம்மா நான் நீதியின் அளவு என்று சொல்வது?"

"நீர் யார் என்று சொல்வதற்கு முன்னால் அந்த வாசலில் அவளுக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லும்."