வெள்ளிப் பேழையில் விளைந்த மரகதம்

முன்னொரு காலத்தில், அடைமழை விடாத ஈரமங்கலம் என்ற நாட்டை விசித்திரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. ஆனால் புகழ்ந்தால் மட்டும் எந்நேரமும் உருகிவிடுவான்.

அந்த அரண்மனையில் ஒரு கூத்து உண்டு. ராஜா கடித்து வைத்த மிச்சத்தை யாரும் எறியக்கூடாது. தாண்டவராயர் என்ற பிரதானி அதை வெள்ளிப் பேழையில் பூட்டி வைத்து, அவ்வப்போது எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வெட்கங்கெட்ட மனுஷன்!

ஓர் ஐப்பசியில் பேழையைத் திறந்தால், ராஜா கடித்த இட்லிமேல் பச்சைப்பசேலென்று ஏதோ படர்ந்திருந்தது.

"அரசே! தங்கள் திருவாய் பட்டு இட்லியில் மரகதம் விளைந்திருக்கிறது!" என்றார் ராயர்.

ராஜா பூரித்துப்போய் மீசையை முறுக்கினான். சமையற்காரி குப்பாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ராசாவே, அது பூசணமுங்க. ஈரத்துல எதை வச்சாலும் பூக்கும். தூக்கிப் போடுங்க, வயித்துக்கு ஆகாது."

அவள் சமையலை ராஜா மெச்சும்போதெல்லாம் ராயருக்கு வயிறு எரியும். விடுவாரா? "அரசர் வாய் பட்டதைப் பூசணம் என்கிறாளே!" என்று குதித்தார்.

"குப்பாயி, அது பூசணம்தான் என்று ஐந்து நாளில் நிரூபி. இல்லையென்றால் மொட்டையடித்து நாடு கடத்துவேன்" என்றான் ராஜா.

பிழைப்பு தேடிக் குப்பாயி எங்கே போவாள்? ஆனாலும் மூன்று இட்லி கொண்டுவந்தாள். ஒன்றை ராஜாவிடம் நீட்டி நக்கச் சொன்னாள். மற்ற இரண்டையும் வெளியே எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் அடியிலும் நகத்தால் ஒரு படம் கீறிய இலைத்துண்டு வைத்தாள். மூன்றையும் இடம் மாற்றிப் பேழையில் வைத்தாள்; அதற்கு ராஜாவே முத்திரையிட்டான்.

ஐந்தாம் நாள் திறந்தார்கள். நாற்றத்தில் சபையே மூக்கைப் பிடித்தது. மூன்றிலும் பூசணம்! ஒன்றில் வெறும் வெள்ளைப் பஞ்சு. ஒன்றில் கரும்புள்ளி. இன்னொன்றில் பச்சை, கறுப்பு, காவி என்று ஒரே திருவிழா.

"மற்றவை சாதாரணம். திருவாய் பட்டதன் களையே தனி!" என்றார் ராயர்.

"அப்போ அது எதுன்னு பிரதானியே காட்டட்டுமுங்க" என்றாள் குப்பாயி.

ராயர் பாய்ந்துபோய்ப் பல வண்ண இட்லியை எடுத்தார். "இதோ! என்ன பொலிவு! அரசர் மீசை போலவே என்ன அடர்த்தி!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குப்பாயி அடியிலிருந்த இலையைத் திருப்பினாள். அதில் இரண்டு நீளக் காதுகள்! "இது சலவைக்காரர் கழுதை நக்குனதுங்க. ராசா நக்குனது அந்த வெள்ளை. கரும்புள்ளியை யாருமே நக்கலை."

ராஜாவின் முகம் சிவந்தது. "ராயரே, இப்போது என்ன சொல்கிறீர்?"

"அரசே... அந்தக் கழுதைக்கும் ஏதோ ராஜகளை இருந்திருக்க வேண்டும்!"

ராஜாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிம்மாசனம் ஆட ஆடச் சிரித்தான். மழைக்காலம் முழுக்க அரண்மனைச் சுவரில் பூசணம் சுரண்டும் வேலையை ராயருக்குக் கொடுத்தான். அன்றன்று என்ன நிறம் என்று சபையில் வந்து சொல்லவும் வேண்டும்.

"குப்பாயி, நீ எங்கும் போக வேண்டாம். என்ன வேண்டுமோ கேள்!"

"இனிமே மிச்சம் வைக்காம சாப்பிடுங்க ராசாவே. அது போதும்."

அன்று இலையில் விழுந்த பத்து இட்லியையும் ராஜா மூச்சுத் திணறத் தின்று முடித்தான். பக்கத்திலேயே கரண்டியோடு குப்பாயி நின்றிருந்தாள்.