ஸ்டாப்பரின் கனம்

"மாஸ்டர், நான் எப்ப ஆளத் தூக்குவேன்?" என்று கேட்டான் குணாளன்.

ஆக்னஸ் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிண்ணா."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குடித்தான். தாகம் அப்படி.

அவள் அவனைவிட ஐந்து வயது சின்னவள், எடையிலும் பாதிதான் இருப்பாள். ஆனால் மணலி பக்கம் தகரக் கொட்டகை போட்டு, ரிங் கட்டி, ஷோ மல்யுத்தம் சொல்லிக்கொடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை. ஷோ மல்யுத்தம் என்றால், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்காகத் தூக்கிப் போட்டுப் புரளுவது. பேசி வைப்பது மட்டும்தான் சுலபம். விழுவது நிஜமான பலகையில்.

குணாளன் பல வருஷம் கிளப்புகளில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடியவன். ஸ்டாப்பர். கோல் கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு வருகிறவனை எல்லாம் மறிக்கிற வேலை. முட்டி போனதும் கிளப்காரர்கள் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அவன் மச்சான் அவனுக்காக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்த்து வைத்திருந்தார். நல்ல வேலைதான். ஆனால் கேட்டைத் திறந்துவிடுகிறவன் பெயரைச் சொல்லி யாரும் கத்த மாட்டார்கள். ஒரு மைதானமே தன் பெயரைக் கத்துவதை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும், அது கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு மாதவரத்தில் ஆக்னஸின் ஷோ இருந்தது. அவள் அதில் சேர்த்துக்கொண்டால் ரிங். இல்லாவிட்டால் கேட்.

"வந்ததுலருந்து எல்லாரும் என்னத்தான் தூக்கப் பாக்கறாங்க. நான் ஒருத்தன கூட தூக்கல. பொங்கல் வந்துடும் மாஸ்டர்."

"ஒன்ன எங்கண்ணா தூக்க முடியுது?" என்றாள் ஆக்னஸ்.

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். தனக்கு வேண்டியது மட்டும் நன்றாகக் காதில் விழுகிற வியாதி அவனுக்கும் இருந்தது.

"கிரவுண்டுல ஒருத்தனும் என்ன அசச்சது கெடையாது மாஸ்டர்."

"தெரியுது."

"அது பலம் இல்லியா?"

அவள் ரிங்கிலிருந்து இறங்கி, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்கப்படுகிறவன் தூக்குகிறவனின் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்துவான். நான் தயார் என்று அர்த்தம். அழுத்திய கையோடு அவனே ஓர் எம்பு எம்பிக்கொடுப்பான். பாதியைக் கீழே இருப்பவன் தூக்குகிறான், மீதியை மேலே போகிறவன். பார்க்கிற கூட்டத்துக்கு இது தெரியாது.

குணாளனுக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை. எதிரில் வருகிறவனிடம் போய் நான் தயார் என்று எந்த ஸ்டாப்பர் சொல்வான்? யாராவது உடம்பில் கை வைத்தாலே அவன் கால் தானாக அகலும், இடுப்பு இறங்கும், உள்ளங்கால் தரையைக் கவ்வும். பத்து பேர் வந்தாலும் நகர்த்த முடியாது.

அந்த வாரம் சிராஜ் அவனைத் தூக்க வந்தான். சிராஜ் பகலில் பேட்டரி கடையில் வேலை பார்ப்பவன், ரிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

"ரெடின்னா மட்டும் அழுத்துண்ணா" என்றான்.

குணாளன் அழுத்தினான். அதை நம்பி சிராஜ் தூக்கினான்.

கால் தரையை விட்டது. விட்டதும் குணாளனின் உடம்பு இறுகிக்கொண்டு கீழே இழுத்தது. சிராஜின் தோளில் ஏதோ சொடக்கென்றது. இரண்டு பேரும் விழுந்தார்கள். குணாளன் மட்டும் எழுந்தான்.

"அழுத்தினியாண்ணா?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

"அழுத்தினேன் மாஸ்டர்."

"அப்பறம் இன்னா?"

"ஒடம்பு கேக்கல. பலம் ஜாஸ்தியாயிடுச்சு போல."

ஆக்னஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிராஜை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று குணாளன் தினமும் நினைத்தான். வெட்கமாக இருந்தது, போகவில்லை. மச்சானுக்கு போன் செய்தான்.

"யூனிஃபார்ம் தைக்கணும். இடுப்பு என்ன சைஸ் மாப்ள?" என்று கேட்டார் மச்சான்.

சொன்னான்.

ஆக்னஸிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஒரு நாள் கொட்டகைக்குப் போனான். அவள் காது கொடுக்கவில்லை.

"சிராஜுக்குக் கட்டு பிரிக்கட்டும். அப்ப கூப்புடறேன்" என்றாள்.

கூப்பிட்டாள்.

அவன் போனபோது சிராஜ் ரிங்கில் நின்று தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்னஸ் கயிற்றுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கணும்னு கேட்டியேண்ணா. தூக்கு."

"யார மாஸ்டர்?"

அவள் மோவாயால் சிராஜைக் காட்டினாள்.

"அவனயா? தோளு..."

"டாக்டர் சரின்னுட்டாருண்ணா" என்றான் சிராஜ்.

"வேற யாரையாவது தூக்கறேன் மாஸ்டர்."

"இவனத் தூக்கு. தலைக்கு மேல நிறுத்து. மாதவரம் பத்தி அப்பறம் பேசலாம்."

குணாளன் கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடி வேர்த்தது. எத்தனையோ ஃபைனல் ஆடியிருக்கிறான், கை இப்படி வேர்த்ததில்லை.

சிராஜ் பக்கத்தில் வந்தான். மணிக்கட்டை அழுத்தினான்.

குணாளன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் முழுதாக நிமிர்வதற்குள் சிராஜ் மேலே வந்துவிட்டான். எழுபது கிலோவுக்குத் தயாராக வந்த கைகளுக்கு வேலையே இல்லை. துவைத்த துணியைக் கொடியில் போடுகிற மாதிரி இருந்தது.

தலைக்கு மேலே சிராஜ் மல்லாந்து கிடந்தான். கைகள் விரிந்திருந்தன. கழுத்து துவண்டு தொங்கியது. கீழே பலகை. குணாளனின் கெட்டுப்போன முட்டி ஒரு கணம் மடங்கினால் போதும், முதலில் அடிபடுவது அந்தக் கழுத்துதான். குணாளனுக்கு அது தெரியும். சிராஜுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"சிராஜு."

"இன்னாண்ணா?"

"பயமா இல்லியாடா ஒனக்கு? ஒன் தோளக் கெடுத்தவன் கையில கெடக்கற."

மேலேயிருந்து பதில் சாவகாசமாக வந்தது.

"பயந்தா கனமாயிடுவேண்ணா. அப்பறம் நீ எப்டி தூக்குவ?"

குணாளனின் முகம் சிவந்தது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை.

"எறக்குண்ணா" என்றாள் ஆக்னஸ். "மாதவரத்துல நீதான் இவனத் தூக்கற."

குணாளன் சிராஜின் பாதம் பலகையில் படும்வரை மெல்ல இறக்கினான்.

"வேணாம் மாஸ்டர்" என்றான். "அங்க இவன் என்னத் தூக்கட்டும்."