பின்னால் போகும் காற்று

மாணிக்கவாசகம் ஐயாவுக்கு வயது அறுபத்தாறு. முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியராக இருந்து, பேசிப் பேசியே ஓய்வு பெற்றவர். அவருக்கு வாய்த்த குருவோ அவரைவிட இருபது வயது சின்னவர், அதிகம் பேசாத சுடர்க்கொடி அம்மா. கடவுளுக்கும் குறும்பு உண்டு.

அன்று அம்மாவின் தியானக்கூடத்தைச் சுத்தம் செய்யும் முறை ஐயாவுடையது. யாரோ ஓர் அன்பர் தரை முழுக்கக் கம்பளம் விரித்துக் கொடுத்து, கூடவே ஒரு வாக்குவம் கிளீனரும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஐயா அதை அரைமணி நேரமாக ஓட்டினார். அது உறுமியதே தவிர, தூசி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அம்மா, மோட்டார் போயிருச்சுங்க. சத்தம் வருது, இழுக்க மாட்டேங்குது."

அம்மா வந்து குனிந்து பார்த்தார். இயந்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னங்கய்யா?"

"அது வழியா காத்து அடிக்குதுங்க. அணையா விளக்கு ரெண்டு தடவை அணைஞ்சு போச்சு. அதான் அடைச்சுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டை அவிழ்த்தார். விளக்கை எடுத்து உயரத்தில் இருந்த மாடத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் மண்ணும் முடியும் காய்ந்த பூவிதழும் விறுவிறுவென்று குழாய்க்குள் ஏறின.

"பின்னாடி அடைச்சா முன்னாடி ஏங்க இழுக்க மாட்டேங்குது?"

"அது இழுக்கறதே இல்லைங்கய்யா. உள்ள ஒரு விசிறி இருக்கு. அது உள்ள இருக்கற காத்தைப் பின்னாடி வெளிய தள்ளுது. உள்ள காத்து குறைஞ்சா, வெளிக்காத்து அந்த இடத்துக்குத் தானா ஓடி வரும். வர்றப்போ தூசியையும் கூட்டிட்டு வரும். தூசி பையில தங்கிரும், காத்து பின்னாடி போயிரும்."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஐயா நான்கு செய்யுள் சொல்லியிருப்பார். அன்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவிட்சை அணைத்துவிட்டு அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்கய்யா?"

"சாயங்காலம் என் மக வர்றா, இளவெயினி. ஒண்ணரை வருஷம் கழிச்சு. ஒரு நாள்தான் இருப்பாளாம். போன்ல மூணு தடவை 'அப்பா, ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சா. மூணு தடவையும் நான் புத்தி சொன்னேன். 'சரிப்பா'ன்னு வெச்சுட்டா. இந்தத் தடவையும் சொல்லாம போயிட்டா, அப்புறம் வரவே மாட்டா."

அம்மா கம்பளத்தில் உட்கார்ந்தார். எதிரே அவரையும் உட்காரச் சொன்னார்.

"அவகிட்ட என்ன பேசலாம்னு வெச்சிருக்கீங்களோ, அதை எங்கிட்டப் பேசுங்க. நானே அவள்னு நெனச்சுக்குங்க."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. ஐயா ஆரம்பித்தார். வேலையில் பொறுமை வேண்டும் என்றார். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும் என்றார். தான் பதினோரு மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னார். அவர் மூச்சு வாங்கிய போதெல்லாம் அம்மா ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"அப்புறம்?"

ஒரு மணி நேரம் போயிற்று. புத்திமதி தீர்ந்தது. பிறகு கோபம் வந்தது, அதுவும் தீர்ந்தது. குரல் கம்மிவிட்டது.

"அப்புறம்?"

"உங்கம்மா போனதுல இருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்கு, பாப்பா. நீ நல்லா இல்லைன்னு சொல்லிருவியோன்னு பயமா இருக்கு. அதைக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான் உன்னைப் பேச விடாம நானே பேசிட்டிருக்கேன்."

அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை அடங்கும்வரை விடவில்லை.

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லைங்க. அவ்வளவுதான்."

"அப்போ கெளம்புங்க. பஸ் வர்ற நேரமாச்சு."

வாசல்வரை போன ஐயா திரும்பி நின்றார்.

"அவ வந்ததும் நான் என்னங்கம்மா சொல்லட்டும்?"

"நீங்க சொல்ல வேண்டியதையெல்லாம் நான் கேட்டுட்டேன். அவ என்ன சொன்னாங்கறதை மட்டும் நாளைக்கு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."